குழாய்த் தண்ணீர்தானே என்று ஊற்றினேன்!

போன வாரம் பேட்டரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியே ரேடியேட்டர், கூலன்ட் பற்றியும் எழுதுங்களேன்" என்று சில வாசகிகள் கேட்டிருந்தார்கள். எழுதலாம்தான். ஆனால் அதை எழுத வேண்டுமென்றால், நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கும் அதுதான் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நேரம். ஆத்தாவுக்குக் கண் பரிசோதனைக்காக மதுரையில் 11 மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். காலையிலேயே செக்காலையிலிருந்து கிளம்பிவிட்டோம். தம்பிதான் கார் ஓட்டினான். திருப்பத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், ஏசியில் குளிர்ந்த காற்று நின்று வெறும் காற்று வர ஆரம்பித்தது. "கேஸ் தீர்ந்துடுச்சு போல" என்று பேசிக்கொண்டு ஜன்னலை இறக்கிவிட்டோம். அடுத்த ஐந்தாவது நிமிஷம் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. ஓரங்கட்டுவதற்குள் போனட் இடுக்கிலிருந்து புகை மாதிரி ஆவி.

தம்பி இறங்கி போனட்டைத் தூக்கினான். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினான். அரைச் சுற்றுதான் திருகியிருப்பான். கொதிக்கிற தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவர் டூத் பேஸ்ட்டோடு ஓடி வந்தார். "பேஸ்ட்டெல்லாம் வேண்டாம்ப்பா, தண்ணியை ஊத்துங்க, ஊத்திக்கிட்டே இருங்க" என்று சத்தம் போட்டது ஆத்தாதான். டீக்கடைக் குடத்துத் தண்ணீரை இருபது நிமிஷம் கைமேல் ஊற்றினோம். அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆத்தாவின் கண் பரிசோதனைக்குப் போக முடியவில்லை. தம்பியின் கையோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க ஆச்சி?"

கட்டி இழுத்து வந்த காரை, எங்கள் தெருப்பக்கத்து மெக்கானிக் அண்ணன் மறுநாள் பிரித்தார். அடியிலிருந்து வடிந்த தண்ணீரை ஒரு பேசினில் பிடித்துக் காட்டினார். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. முதல் டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பாக, அடியில் மண்டியோடு இருந்தது.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க ஆச்சி?"

"குழாய்த் தண்ணிதாண்ணே."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும். குறையிறப்பல்லாம் ஒரு சொம்பு ஊத்துவேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "குறையுதுன்னா, ஏன் குறையுதுன்னு பாக்கணும்ல ஆச்சி? ஊத்திக்கிட்டே இருந்தா எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ரேடியேட்டரும் அதோடு சேர்ந்த குழாய்களும் மூடி வைத்த பாத்திரம் மாதிரி. அதற்குள் இருப்பது எளிதில் குறையக் கூடாது. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கள் காரில் ஒரு ரப்பர் ஹோஸின் கிளாம்ப் துருப்பிடித்து, சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. நான் ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் அந்த ஒழுகலை மறைத்தது. கூடவே, உள்ளே இருந்த கூலன்ட்டை நீர்த்துப்போகச் செய்து, துருவையும் உப்பையும் சேர்த்தது. கடைசியில் ரேடியேட்டர் பாதி அடைத்து, ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போட வேண்டியதாகிவிட்டது. கிளாம்ப்பின் விலை ஒரு சினிமா டிக்கெட்டுக்குக் கீழே. கட்டிய பில்லோ எங்கள் வீட்டு மூன்று மாத மளிகைச் செலவு. தம்பியின் கை ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அது காருக்குள் ஒரு குக்கர்

பெட்ரோல் எரிந்து வருகிற சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போகிறது. மீதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் திரவம் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கும்போது, எதிரே வரும் காற்றும் மின்விசிறியும் அதைக் குளிர்விக்கின்றன. ஆறிய திரவம் மறுபடி இன்ஜினுக்குப் போகிறது. வண்டி ஓடுகிற வரை இந்தச் சுற்று நிற்காது.

ஆரம்ப கால கார்களில் இப்படி மூடிய சுற்று கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். 1888-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் என்று சொல்லப்படுவது அதுதான். வழி நெடுக நின்று நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்ததாம். காருக்குத் தண்ணீர் பார்ப்பது ஆம்பளைங்க வேலை என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்றைய காரில் மூடி இறுக்கமானது. அந்த மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. ஏறக்குறைய நம் வீட்டு பிரஷர் குக்கரில் இருக்கிற அளவு அழுத்தம். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரிவரை தாங்கும். அதனால்தான் நூறைத் தாண்டிச் சூடானாலும் உள்ளே திரவம் அமைதியாக இருக்கிறது.

அந்த மூடியைச் சூட்டோடு திறந்தால் என்ன ஆகும்? விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான். அழுத்தம் போன அந்த நொடியே, உள்ளே இருப்பது மொத்தமாகக் கொதித்து மேலே வரும். துண்டு அதைத் தடுக்காது. குக்கர் விஷயத்தில் நம் வீட்டில் யாரும் செய்யாத தப்பை, கார் விஷயத்தில் படித்தவர்கள்கூடச் செய்கிறார்கள். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் டேங்கின் மூடிதான் இருக்கும். அதற்கும் இதே விதிதான்.

நல்ல தண்ணீர் காருக்கு நல்லதில்லையா?

மெக்கானிக் அண்ணனிடம் நான் விடவில்லை. "காரைக்குடித் தண்ணியைப் போய்க் குறை சொல்றீங்களேண்ணே! சம்பை ஊற்றுத் தண்ணிக்கு ஈடு உண்டா?" என்று கேட்டேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் பெருமை ஜாஸ்தி.

"குடிக்கிறதுக்கு ஈடு இல்லைதான் ஆச்சி. ருசி எதுல வருது? அதுல கரைஞ்சிருக்குற உப்புலதானே?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். வாட்டர் ஹீட்டர் காயிலிலும், இட்லிப் பானையின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. அந்தக் குழாய்கள் மிகவும் குறுகலானவை. போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

படிவு பாதி பிரச்னை. இன்னொரு பாதி அரிப்பு. இன்ஜினில் இரும்பு, அலுமினியம், சில இடங்களில் செம்பு, ஈயப் பற்று என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. இரண்டு வேறு வேறு உலோகங்கள், நடுவில் உப்புக் கரைந்த தண்ணீர். இது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி! போன வாரம் பார்த்தோமே, அதே கதைதான். மெல்ல மெல்ல மின்னோட்டம் ஓடி, ஏதாவது ஒரு உலோகம் கரைந்துகொண்டே போகும்.

இந்த அரிப்பைப் படிப்பதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். நாங்கள் 'சிக்ரி' என்போம். பேட்டரி, முலாம், உலோக அரிப்பு எல்லாம் அங்கே ஆராய்ச்சி செய்கிற பாடங்கள். அந்த மதில் சுவரைத் தாண்டித் தினமும் கார் ஓட்டிக்கொண்டு போகிற நான்தான், இரண்டு வருஷம் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன்!

கூலன்ட் என்பது ஈயப் பூச்சு

"பனி கொட்டுற ஊர்ல தண்ணி உறையாம இருக்கத்தானே கூலன்ட்? காரைக்குடியில எதுக்கு?" என்று பலர் கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. நமக்குத் தேவைப்படுகிற வேலைகள் வேறு இரண்டு.

ஒன்று, கொதிநிலையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவது. கூலன்ட்டில் முக்கியமாக இருப்பது எத்திலீன் கிளைகோல். அதையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தால், திறந்த பாத்திரத்திலேயே 106 டிகிரிவரை கொதிக்காது. இறுக்கமான மூடிக்குள் 120-ஐயும் தாண்டித் தாங்கும். கத்திரி வெயிலில், ஏசி போட்டு, டிராஃபிக்கில் நிற்கும்போது அந்தச் சில டிகிரிதான் நம்மைக் காப்பாற்றும்.

இரண்டாவது, அரிப்பைத் தடுப்பது. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க வேண்டுமென்றால், முதலில் உள்ளே ஈயம் பூச வேண்டும். புளி பித்தளையைத் தொடாமல் ஈயம் நடுவில் நிற்கும். கூலன்ட்டில் கலந்திருக்கும் ரசாயனங்கள் அதே வேலையைச் செய்கின்றன. உலோகத்தின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்பு உண்டாக்குகின்றன. ஈயம் தேய்ந்தால் மறுபடி பூசுகிறோமே, அதே போல இந்த ரசாயனங்களும் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். அளவு குறையாவிட்டாலும், நிறம் மாறாவிட்டாலும் கூலன்ட்டை மாற்றச் சொல்வது இதனால்தான்.

அப்பச்சி வைத்திருந்த அம்பாசடருக்கு எங்கள் வீட்டு டிரைவர், முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்றுவார். மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் காலத்து ரேடியேட்டர் கனமான பித்தளையும் செம்பும். இப்போது வருவது மெல்லிய அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க். ஓட்டுத் தூசியோடு வரும் மழைத் தண்ணீரை இதற்கு நம்ப வேண்டாம். கடையில் டிஸ்டில்ட் வாட்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கூலன்ட் பச்சை, சிவப்பு, பிங்க், நீலம் என்று பல நிறங்களில் வருகிறது. நிறம் என்பது வெறும் சாயம். ஒரே நிறமாக இருப்பதால் ஒரே வகை என்று நினைக்கக் கூடாது. உங்கள் காரோடு கொடுத்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு வகைகளைக் கலந்தால் காப்பு ரசாயனங்கள் ஒன்றையொன்று கெடுக்கலாம். சில சமயம் கூழ் மாதிரி திரியவும் செய்யும்.

கேனில் இன்னொன்றும் பாருங்கள். அப்படியே ஊற்றுகிற வகையா, தண்ணீர் கலக்க வேண்டிய கெட்டி வகையா? அப்படியே ஊற்றுவதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டி வகையை டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி கலக்க வேண்டும். மொத்தம் 4 லிட்டர் பிடிக்கும் காருக்கு 2 லிட்டர் கூலன்ட், 2 லிட்டர் தண்ணீர். "கெட்டியா ஊத்துனா நல்லா வேலை செய்யும்" என்று நினைத்துக் கூலன்ட்டை மட்டும் ஊற்றாதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். தனிக் கூலன்ட் அந்த அளவுக்குச் சுமக்காது.

குழந்தைகள் இருக்கிற வீடா?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எத்திலீன் கிளைகோல் இனிப்பாக இருக்கும். ஆனால் அது விஷம். உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் போதும். தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடும்.

இதன் பங்காளியான டைஎத்திலீன் கிளைகோலில் மருந்தைக் கரைத்து விற்றதால், 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் குழந்தைகள் நிறைய. அதன் பிறகுதான் அந்த நாட்டில் மருந்துச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.

அதனால், மிச்சமிருக்கும் கூலன்ட்டை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வந்த கேனிலேயே, மூடி இறுக்கி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்தினால் உடனே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், கை வைத்தியம் எதுவும் பார்க்காமல், அந்தக் கேனையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாதம் ஒரு ஞாயிறு, பத்தே நிமிஷம்

காலையில், கார் ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கும்போது, சமதரையில் வைத்துப் பாருங்கள். சாவி வண்டியில் இருக்க வேண்டாம். புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். சூடான வண்டியில் இது அடிக்கடி நடக்கும்.

1. அளவு: பக்கத்தில் இருக்கும் வெளிர் நிற பிளாஸ்டிக் டேங்கைப் பாருங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். கூலன்ட் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அளவை, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா?

2. நிறம்: தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் துரு. பால் விட்ட காபி மாதிரி, எண்ணெய் மிதக்கிற மாதிரி இருந்தால், இன்ஜின் ஆயில் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

3. ஹோஸ்: ஆறிய நிலையில் ரப்பர் குழாய்களை அமுக்கிப் பாருங்கள். மிருதுவாக அமுங்கி மீள வேண்டும். உப்பியிருந்தாலும், அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தாலும், வெடிப்பு இருந்தாலும் மாற்ற வேண்டும். கிளாம்ப் பக்கத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கேதான் ஒழுகுகிறது. நான் இரண்டு வருஷம் பார்க்காமல் விட்ட இடம் அதுதான்.

4. மூடி: ரேடியேட்டர் மூடி இருக்கிற காராக இருந்தால், நன்றாக ஆறிய பிறகு திறந்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் விசில் வராதல்லவா? அதே போல இந்த ரப்பர் கெட்டால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். புது மூடி விலை குறைவுதான்.

5. தரை: கார் நின்ற இடத்தில் ஈரமா? வெள்ளைத் தாளை வைத்து ஒற்றிப் பாருங்கள். நிறமில்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் அது ஏசித் தண்ணீர், பயப்பட வேண்டாம். நிறமாக, விரலில் வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். காருக்குள்ளேயே அந்த இனிப்பு வாடை அடித்து, முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் படிந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் பாகம் ஒழுகலாம்.

குறைந்திருந்தால், அதே வகைக் கூலன்ட்டைக் கோடுவரை ஊற்றுங்கள். அடுத்த மாதமும் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ஒழுகலைத் தேடச் சொல்லுங்கள்.

முன்பக்கத்துக்கும் ஒரு குளியல்

உள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வெளியே காற்று போகாவிட்டால் பயன் இல்லை. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டன்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி, வேப்பம்பூ, மழைக்காலத்து ஈசல் எல்லாம் அதில்தான் போய் அப்பிக்கொள்ளும்.

இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற சாதாரண ஹோஸால், முடிந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். வந்த வழியே அழுக்கு வெளியேறும். வாட்டர் வாஷ் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால், தகடுகள் மடங்கி வழியை அடைத்துவிடும். இன்ஜினின் ஒயர் இணைப்புகள்மேல் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மழைக்காலத்துக்கு ஒரு முறை, கோடைக்கு முன்னால் ஒரு முறை செய்தால் போதும்.

மாற்றுவதை வீட்டில் செய்யலாமா?

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கூலன்ட் வகையைப் பொறுத்தது. பழைய வகைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம். நீண்ட ஆயுள் வகைகளுக்கு ஐந்து வருஷம்வரை. கையேடு சொல்வதுதான் கணக்கு.

பழைய மாடல் சின்னக் கார்களில், ஓரளவு கை பழகியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஆறிய வண்டியில் அடித் திருகைத் திறந்து பழையதை ஒரு பேசினில் வடிக்க வேண்டும். மூடிவிட்டு டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். முழுக்க ஆறவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இப்படிச் செய்து, பிறகு புதிய கலவையை நிரப்ப வேண்டும். கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளேயே தங்கும் என்பதால், கெட்டி வகை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு முதலில் அதை ஊற்றிவிட்டு மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்பினால் அளவு சரியாக வரும்.

இதில் சிக்கலான இடம் கடைசியில்தான். உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால், டேங்க் நிறைந்த மாதிரி காட்டிவிட்டு வழியில் சூடேறும். புது மாடல்களில் காற்று எடுக்கும் முறை காருக்குக் கார் மாறும். அதனால் மாதாந்திரப் பரிசோதனை நம் வேலை, மாற்றுவது மெக்கானிக் வேலை என்று பிரித்துக்கொள்வதுதான் என் வழக்கம். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், பேட்டரிக் கூலன்ட்டை வீட்டில் தொடவே வேண்டாம்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ செடியிலோ ஊருணிப் பக்கமோ கொட்டாதீர்கள். கேனில் அடைத்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. "நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 80, 90 டிகிரி வாக்கில் திறக்கிற அந்தச் சின்ன வால்வுதான் இன்ஜினைச் சரியான சூட்டில் வைக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகத் தாமதமாகும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். கெட்டுப்போனால் புதிது போட வேண்டுமே தவிர, இல்லாமல் ஓட்டக் கூடாது.

வழியில் சூடேறினால்

* ஏசியில் திடீரென்று குளிர் நின்றால், முதலில் டெம்பரேச்சர் முள்ளையோ விளக்கையோ பாருங்கள். இன்ஜின் சூடேறும்போது பல கார்களில் ஏசி தானாக நின்றுவிடும். எங்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை அதுதான். நாங்கள் கேஸ் தீர்ந்ததாக நினைத்தோம்.

* முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை என்றால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும். ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கும். பத்திரமான இடத்தில் ஓரங்கட்டுங்கள்.

* சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ, உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற நினைப்புதான் ஹெட் கேஸ்கெட்டை வாங்கும்.

* ஆவி அடங்கும்வரை போனட்டைத் தூக்க வேண்டாம். மூடியைத் தொடவே வேண்டாம். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். குழந்தைகளை இறக்கி நிழலில் உட்கார வையுங்கள்.

* கொதிக்கிற இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். உலோகம் வெடித்துவிடும்.

* நன்றாக ஆறிய பிறகு, வேறு வழியே இல்லையென்றால், குடிதண்ணீர் ஊற்றி அருகில் உள்ள வொர்க்‌ஷாப் வரை போகலாம். அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவி, சரியான கூலன்ட் போட வேண்டும். அவசரத்துக்குச் செய்ததை வழக்கமாக்கியதுதான் என் தப்பு.

* யாருக்காவது வெந்துவிட்டால், இருபது நிமிஷம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், மஞ்சள், மை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். பிறகு டாக்டர்.

தம்பியின் முன்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும், "நான்தானே ஆச்சி திறந்தேன்" என்பான். திறந்தது அவன்தான். ஆனால் அவன் திறக்கும்படி அந்த வண்டியைக் கொதிக்க வைத்தது என் சொம்பு.

இப்போது கார் ஷெட்டில் அந்தச் சொம்பு இல்லை. ஒரு டிஸ்டில்ட் வாட்டர் கேன், கையேட்டில் சொன்ன கூலன்ட் கேன், ஒரு பழைய நோட்டு, ஒரு பென்சில் இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் காபி குடித்த கையோடு போய்ப் பார்த்து எழுதுவேன். மூன்று வருஷமாக அந்தக் கோடு அப்படியே நிற்கிறது. போன மாதம் ஆத்தாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கிளம்புவதற்கு முன்னால் அவர்களே கேட்டார்கள்: "தண்ணி பாத்தியா?"

பார்த்துவிட்டேன் என்றேன். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: டயரில் காற்று எவ்வளவு? பெட்ரோல் பங்க்கில் கேட்டால் சொல்கிற கணக்கு உங்கள் காருக்குச் சரிதானா?